ஒரு பல் தள்ளி

1

இந்த ஊரில் நான் வந்து இறங்கி, போன வியாழக்கிழமையோடு ஏழு வருடம் முடிந்தது. ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் என் மகன் பாபு கூட்டிக்கொண்டு வந்தான். திருத்தணியில் பால்காரனிடம் ஆறு மாதம் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

"அவளுக்கென்ன, கனடாவில் மகராசியாக இருப்பாள்" என்று ஊரில் பேசுவார்கள். இருக்கிறேன். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. பகல் முழுக்க வீட்டில் ஒரு ஆள் கிடையாது. பாபுவும் மருமகள் கவிதாவும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி நித்யா பள்ளிக்கூடத்துக்கு. நான் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற கார்களின் சத்தத்தைக் கேட்பேன். எந்தக் காருக்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.

சத்தம் கேட்கிற காது பிறந்த வீட்டில் வந்தது. பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே விசைத்தறி ஓடியது. மோட்டாரிலிருந்து தறிக்குப் போகிற பெல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் சத்தம் மாறிவிடும். அடுப்படியில் இருந்தபடியே "நைனா, பெல்ட்டு!" என்று கத்துவேன். அப்பா தறியை நிறுத்திப் பார்ப்பார். ஒரு தடவையும் நான் சொன்னது தப்பிப் போனதில்லை.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். அவருக்கு மலையடிவாரத்தில், திருப்பதி போகிற சாலையில் கார் பழுது பார்க்கும் ஷெட். மதியம் சோறு கொண்டுபோன என்னை ஒரு நாள், "உன் கை சின்னதா கீது, உள்ள விழுந்த அந்த நட்ட எட்டி எடு" என்றார். அப்படி எஞ்சினுக்குள் போன கை முப்பது வருடம் வெளியே வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது உதிரி சாமான் வந்த அட்டைப் பெட்டிகளில். இந்தக் குறிப்பை எழுதவும் எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

2

அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நாங்கள் குடியிருந்தது வாடகை வீடு. அதை நான் வந்த மறுவருடமே காலி செய்துவிட்டார்கள். ஊரில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஷெட்டும், அதன் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு அறையும்தான். என் பெயரில் வாங்கியது. திரும்பிப் போனால் அந்த அறையில் ஒரு அடுப்பும் ஒரு பாயும் போட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் ஏழு வருடத்தை ஓட்டினேன்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் வந்திருக்கிறது. அதன் முதலாளிக்கு எங்கள் இடமும் வேண்டுமாம். சாவியை வைத்திருப்பவர் என் அக்கா வீட்டுக்காரர் சம்பத் பாவா. பொங்கலன்று போனில் அவர்தான் சொன்னார். பாபு போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்திருந்தான்.

"சித்திரை முடியறவரிக்கும்தான் அவரு காத்துகினு இருப்பாராம். அதுக்கப்புறம் எதிர்ல கீற எடத்த முடிச்சுடுவாராம். சரோஜாவ கேட்டுச் சொல்லுப்பா."

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா சிரித்தாள். "அந்த ஓட்டைத் தகரத்துக்குள்ள அத்த இன்னாத்த வெச்சிருக்காங்களோ! தங்கமா, வைரமா?"

நித்யா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். பதினைந்து வயது. அவளுக்குத் தமிழ் அரைகுறை. "பாட்டி, அந்த கராஜ், ஃபோட்டோல இருக்கே, டர்ட்டியா. அது யாருக்கும் வேணாம்தானே?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எனக்கு அதுல இன்னா கீது? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போடறேன்" என்றேன்.

எல்லோருக்கும் முகம் மலர்ந்துபோயிற்று. பாபு எழுந்து வந்து என் தோளைக்கூடத் தொட்டான். இங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்க அவனுக்கு அது உதவும் என்பது எனக்குத் தெரியாததா. ஆனால் நான் அவனுக்காகச் சொல்லவில்லை. ரோஷத்தில் சொன்னேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பிடித்த சனி அது.

பாவா பேருக்கு நான் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். பத்திரத்தில் என் பெயர் கோ. சரோஜா. பாஸ்போர்ட்டில் கடைசியில் என் வீட்டுக்காரர் பெயர். ஆதாரில் சரோஜாம்மாள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு காகிதம் வாங்கவே இரண்டு மாதம் ஆயிற்று. போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு முறை, நெற்றியில் விபூதி இருக்கிறது என்று ஒரு முறை பாபு திரும்ப எடுக்க வைத்தான். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தேதி கிடைத்தது. அதை விட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. அதற்குள் சித்திரை முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை போனால் ஷெட் போயிற்று. போகாவிட்டால் ஷெட் எனக்கு. கணக்கு அவ்வளவுதான்.

3

தூதரகம் இருக்கிற பெரிய ஊர் காரில் இரண்டரை மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து நேராகப் போகும் பஸ் இல்லை. வீட்டுக்கு ஒரே கார், இருபது வருடத்துப் பழைய ஜப்பான் கார்.

அந்தக் காரில் இரண்டு மாதமாக ஒரு சத்தம். கிளப்பினதும் முன்பக்கம் சரசரவென்று துணி உரசுகிற மாதிரி கேட்கும். "டைமிங் பெல்ட்டு ஓரம் பிசிறு விட்டிருக்குடா, மூடியில உரசுது" என்று அப்போதே சொன்னேன். "குளிருக்கு அப்டித்தாம்மா" என்றான். தூதரகத் தேதிக்கு முந்தின வாரம்தான் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். பெல்ட் ஓரம் கோரைப்பாய் முனை மாதிரி பிரிந்து தொங்கியது. பழுது பார்க்கிற கடையில் மூன்று வாரம் கழித்து வா என்றார்கள். சரி, நானே மாற்றுகிறேன் என்று பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினில் மேலே ஒரு பல் சக்கரம், கீழே ஒரு பல் சக்கரம். இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. மேலே வால்வு திறப்பதும் கீழே பிஸ்டன் ஏறுவதும் ஒன்றை ஒன்று இடிக்காமல் முறை வைத்து நடப்பது அந்தப் பட்டையால்தான். அதுதான் டைமிங் பெல்ட். மாட்டும்போது மேல் சக்கரத்துக் கோடும் கீழ்ச் சக்கரத்துக் கோடும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனால் வண்டி திணறும். இன்னும் தள்ளினால் வால்வு வளைந்து எஞ்சின் வீண்.

சனிக்கிழமை காலை கராஜில் வேலையை ஆரம்பித்தான். ஏப்ரல் மாதத்திலும் தரையிலிருந்து குளிர் ஏறியது. போனை ஒரு பெயின்ட் டப்பாமேல் சாய்த்து வைத்து, அதில் ஒருவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ உள்ள போம்மா, குளுருது."

"நீ அரை டிராயர் போட்டுகினு திரிஞ்சப்பவே நான் பெல்ட்டு மாத்தினவடா. இன்னாத்த அதுல பாக்கற, என்னைக் கேளு."

"இது வேற வண்டிம்மா."

"எல்லா வண்டிக்கும் வயிறு ஒண்ணுதான்."

எதிர் வீட்டுக் கிழவர் நாயைப் பிடித்துக்கொண்டு போகும்போது நின்று என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் "எஸ், எஸ்" என்றேன். அவர் கையைக் கூப்பிவிட்டுப் போனார். காரை ஆசீர்வாதம் பண்ணுகிறீர்களா என்று கேட்டாராம். பாபு சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கீழ்ச் சக்கரத்தின் விளிம்பில் நான்கு கோடு வெட்டியிருந்தது. ஒன்று மட்டும் தனியாக. மற்ற மூன்றும் கூட்டமாக. தனியாக இருந்த கோட்டைத்தான் பாபு, அடையாளத்துக்காக எஞ்சினில் நீட்டிக்கொண்டிருந்த முனைக்கு நேராக வைத்தான். சரியாகத்தான் செய்கிறான் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவன் சின்னவனாக இருந்தபோது ஷெட் பக்கம் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் விரட்டுவோம். "போடா, போய்ப் படி, இந்தக் கறை உனக்கு வேணாம்" என்போம். அப்படி விரட்டின பிள்ளை இன்று போனைப் பார்த்து ஸ்பானர் பிடிக்கிறான்.

அந்த நேரம் கவிதா கூப்பிட்டாள் என்று உள்ளே போனான். பழைய பெல்ட் இன்னும் கழற்றவில்லை. கழற்றுவதற்கு முன் எஞ்சினை ஒரு சுற்று கையால் சுற்றிப் பார்ப்பது எங்கள் ஷெட் பழக்கம். நீளமான ஸ்பானர் சக்கரத்து நடுப் போல்ட்டிலேயே மாட்டிக் கிடந்தது. பிடித்தேன். வலப் பக்கமாகச் சுற்றினேன்.

அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "சாமிய சுத்தற மாதிரி வலமாத்தான் சுத்தணும். இடமா சுத்தினா பல்லு தாவிடும்." எங்கள் ஷெட்டில் வேலை பழகின எவனும் அதை மீறியதில்லை.

அரைச் சுற்று வந்தது. கடக் என்று ஒரு சத்தம். பிசிறு விட்ட பெல்ட் பல் தாவிவிட்டது.

பாபு ஓடி வந்தான். "ஐயோ! இன்னாமா பண்ண? எந்தப் பக்கம் சுத்தின?"

"வலமாத்தான்டா சுத்தினேன்."

"இந்த வண்டி எஞ்சினு இடமா சுத்தற எஞ்சினும்மா! கைய வெக்காதன்னு சொன்னனா இல்லியா? எல்லாம் தெரிஞ்ச மாதிரியே வந்து நிக்கறது!"

இடமாகச் சுற்றுகிற எஞ்சினும் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு எழுபத்தோரு வயதில்தான் தெரிந்தது. கராஜ் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டான். "இங்கியே உக்காரு. இந்தக் கோட்டத் தாண்டி வராத." எட்டு வயதில் அவனை நான் எந்தக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தினேனோ, அதே மாதிரி ஒரு கோடு. நான் உட்காரவில்லை. உள்ளே போய்விட்டேன்.

4

வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்ற அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது ஒரு ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி. நகரிப் பக்கத்திலிருந்து வந்த, பெட்ரோலில் ஓடுகிற ஒரு வேன், பெல்ட் போய் எங்கள் ஷெட்டில் நின்றது. ஏறி வந்தவர்கள் வெளியில் வேப்ப மரத்தடியில் காத்திருந்தார்கள். இன்னும் மூன்று வண்டி வரிசையில். அவர் கை பரபரத்தது. நான் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேன் டிரைவர் பீடியைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இன்னா மேஸ்திரி, வூட்டுச் சமையக்கட்டையும் ஷெட்டுக்கே தூக்கிகினு வந்துட்டியா? பொம்பள கை பட்ட வண்டி மலை ஏறுமா?"

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அவரும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெல்ட்டை மாட்டி முடித்தார். மேல் சக்கரத்துக் கோடு இரண்டு பல் தள்ளி நின்றது. அவர் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டது. நான் ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு கம்மென்று இருந்தேன். ஏறட்டும் பார்க்கலாம் மலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏறவில்லை. மலைப் பாதையில் இரண்டாவது திருப்பத்தில் இழுக்க முடியாமல் நின்று, கியரில் இருந்தபடியே பின்னால் உருண்டது. கல்லில் முட்டி நின்றதால் பிழைத்தார்கள். பயத்தில் குதித்த ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. சேதி கேட்டு என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து ஓடினார். சாயங்காலம் வண்டியைக் கயிறு கட்டிக் கொண்டுவந்து திறந்து பார்த்தபோது பெல்ட் ஏழெட்டுப் பல் தாவி, வால்வு எல்லாம் வளைந்து கிடந்தது. முதலில் எவ்வளவு தள்ளி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "சரோஜா, நீ பாத்தியே. மேல் கோடு சரியாத்தான இருந்துச்சு?"

"ஆங்," என்றேன். "சரியாத்தான் இருந்துச்சு."

அவர் நம்பினார். பெல்ட்டைப் போட்டதில் தன் தப்பு ஒன்றும் இல்லை, வண்டி பின்னால் உருண்டதில் எஞ்சின் இடமாகச் சுற்றிப் பல் தாவிவிட்டது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் ஷெட்டில் சட்டம். என் பொய்யிலிருந்து முளைத்த சட்டம். சாகிறவரை அதை வேதம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டித் தலையாட்டி, எனக்கே அது நிஜமாகிவிட்டது. அதைத்தான் கடல் தாண்டிக் கொண்டுவந்து மகன் வண்டியில் காட்டினேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் பெல்ட் ஏறியிருந்தது. முந்தின நாள் நான் செய்த கூத்தால் பாபு எல்லாக் கோட்டையும் மறுபடி நேர்ப்படுத்த வேண்டியதாகிவிட்டது. கோபத்திலும் குளிரிலும் செய்திருக்கிறான். காபி கொண்டுபோன நான் கதவுக் கோட்டுக்கு வெளியே நின்றபடியே பார்த்தேன்.

"டேய் பாபு. நேத்து தனியா இருந்த கோட்டத்தான முனைக்கு நேரா வெச்ச? இன்னிக்குக் கூட்டத்துல கீற கோட்ட வெச்சிருக்கியே."

"ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டேம்மா. மேலயும் கீழயும் சரியா வந்து நிக்குது."

"தப்புக் கோட்ட வெச்சா தப்புக் கோட்லயேதான்டா வந்து நிக்கும்."

"நேத்து வலமா இடமான்னே தெர்ல உனக்கு. இன்னிக்கு வந்து கோடு சொல்றியா?" காபியை வாங்கிக்கொண்டான். முகம்கூடப் பார்க்கவில்லை. "செவ்வாக்கெழம போவணும்மா. கெடுக்காத."

கெடுக்காதே என்றான். நான் எதைக் கெடுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தானோ.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். சொல்லியாயிற்று. கேட்கவில்லை. இனி என் மேல் பழி இல்லை. ஒரு பல் தள்ளி ஓடினால் வண்டி நெடுஞ்சாலை ஏறுவதற்குள் திணறும். பாபு பயந்து ஓரம் கட்டுவான். செவ்வாய்க்கிழமை போய்விடும், சித்திரையும் போய்விடும், அந்த அறையும் அடுப்பு போடுகிற மூலையும் எனக்கு இருக்கும். நான் ஒரு விரலும் அசைக்க வேண்டாம். சொன்ன சொல்லையும் திரும்ப வாங்க வேண்டாம். ஏழு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வழி திறந்ததில்லை.

பன்னிரண்டரைக்குக் கவிதா சாப்பிடக் கூப்பிட்டாள். பாபு கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். "பாட்டி, கம் சாப்பிட" என்றாள் நித்யா, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு. பசிக்கவில்லை என்றேன். சாமி அலமாரியிலிருந்து நீள ஊதுபத்தி ஒன்றை எடுத்து, மேல் மாவை உதிர்த்துவிட்டு, வெறும் குச்சியோடு கராஜுக்குப் போனேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நேற்றுத் தப்பு செய்த கை மாதிரி கண்ணும் போய்விட்டதா என்று.

பிளக்குகள் கழற்றிக் கிடந்தன. முதல் ஓட்டையில் குச்சியை விட்டு இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். மறு கையால் ஸ்பானரை, இந்த முறை இடமாக, மெல்லச் சுற்றினேன். குச்சி ஏறியது. பிஸ்டன் உச்சிக்கு வந்து, இனி ஏறாது என்று விரலில் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். முனைக்கு நேராக நின்றது தனிக் கோடு. மேல் சக்கரத்துக் கோடு ஒரு பல் தள்ளி நின்றது.

நான் சொன்னது சரி. திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கலாம்.

குச்சியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே தட்டு சத்தம், நித்யா சிரிக்கிற சத்தம். அந்த அம்மாவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. இந்த வண்டியில்தான் நித்யாவும் ஏறுகிறாள். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, மறைக்கப் போவதில்லை. நேற்று நான் தொட்டதால்தான் இன்று இது தப்பாக நிற்கிறது. என் கை கெடுத்த எஞ்சினை அப்படியே மூடி போட்டு மூட எனக்கு வரவில்லை. ஒரு தடவை மூடினேன். போதும்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அழுத்துருளையின் போல்ட்டைத் தளர்த்தினேன். மேல் சக்கரத்திலிருந்து பெல்ட்டை நெகிழ்த்தி, சக்கரத்தை ஒரு பல் நகர்த்தி, திரும்ப ஏற்றினேன். விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் வழி மறக்கவில்லை. உருளையை இறுக்கினேன். இரண்டு சுற்று இடமாக. குச்சி உச்சியில், கீழே தனிக் கோடு நேர், மேலே கோடு நேர். ஷெட்டில் அவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு பெல்ட்டில் ஒரு புள்ளி, சக்கரத்தில் ஒரு புள்ளி வைப்பார், பிறகு பார்க்கிறவனுக்கு அடையாளம். இங்கே சுண்ணாம்பு ஏது. மலைக்கோயில் விபூதியைக் குழைத்து இரண்டு புள்ளி வைத்தேன்.

பாபு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். எஞ்சினைப் பார்த்தான்.

"இன்னாமா இது? விபூதி பூசி வெச்சிருக்க!"

"அடையாளம்டா."

"இன்னா அடையாளம்? இது இன்னா கோயிலா? பெல்ட்டு மேலல்லாம் எதுவும் படக்கூடாதும்மா!" கந்தலை எடுத்து இரண்டு புள்ளியையும் துடைத்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. மூடிகளைப் போட்டு, பிளக் மாட்டி, சாவியைத் திருப்பினான்.

ஒரே பிடியில் கிளம்பியது. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

"பாத்தியா?" என்றான். ஏழு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நீ சும்மாவே பயமுறுத்திகினு இருந்த. கவிதா! நித்யா! இங்க வந்து கேளுங்க. நானே மாத்திட்டேன்!"

அவர்கள் வந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

6

செவ்வாய்க்கிழமை பத்தரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். வரிசை வரிசையாக நாற்காலி. பேர் வருகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் கூப்பிட்டது.

"முனிரத்தினம்!"

பாஸ்போர்ட்டில் கடைசியாக இருக்கிற பெயரைத்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வருடத்தில் நான் வாயால் சொல்லாத பெயர். எழுதினால் தப்பில்லை என்று இங்கே எழுதுகிறேன். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாபு என் முழங்கையைத் தொட்டு, "உன்னத்தாம்மா, எழுந்திரு" என்றான்.

கட்டை விரலைக் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னார்கள். ரேகை விழவில்லை. இரண்டாவது தடவையும் விழவில்லை. அங்கே வேலை செய்கிற பையன் என் விரலைத் திருப்பிப் பார்த்து ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினான். ரேகைக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கறை அப்படியே இருந்தது. பாபுவும் அதைப் பார்த்தான். அதையே பார்த்துக்கொண்டு இருந்தான். அவன் கை என் விரல் பக்கம் கொஞ்சம் வந்தது, பிறகு பைக்குள் போய்விட்டது. நான் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தேன். விழுந்தது.

பையன் ஏதோ கேட்டான். பாபு குனிந்து சொன்னான், மெதுவாக. "யாரும் வற்புறுத்தாம, உன் இஷ்டப்படிதான் கையெழுத்துப் போடறியான்னு கேக்கறாரும்மா."

"ஆங்," என்றேன். ஆடிக் கிருத்திகையன்று சொன்ன அதே ஆங்.

கோ. சரோஜா என்று எழுத்து எழுத்தாகப் போட்டேன்.

ஊரில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். அங்கே போகிற இரண்டரை மணி நேரமும் நான் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறேன் என்று பாபு பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான். நான் தூங்கவில்லை. எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஏற்றத்திலாவது திணறாதா, ஒரு இடத்திலாவது நின்றுவிடாதா என்று வழியெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. நான் போட்ட பெல்ட். நிற்காது.